பந்தோடு நாடு நாடாய்ப் போன மனிதர் – பெரென்ஸ் புஸ்காஸ்

சுவிஸில் இருக்கிற எங்கட ஆக்களில் பேர்ண் வாங்க்டோர்ஃப் பக்கம் போகாதவர்கள் குறைவு. அங்கே இப்ப நிற்கிற உதைபந்தாட்ட மைதானம் 2005 இல் திறந்தது. ஆனால் இடம் பழைய இடம். 1954 யூலை 4 ஆம் திகதி, கொட்டுகிற மழைக்குள், அதே இடத்திலிருந்த பழைய மைதானத்தில்தான் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. மேற்கு ஜேர்மனி மூன்று, ஹங்கேரி இரண்டு. ஜேர்மன்காரர் இதை "பேர்ணின் அதிசயம்" என்று சொல்லுவினம். அவர்களோடு வேலை செய்கிற எங்களுக்கும் அந்தக் கதை ஓரளவு பாடம்.

வென்றவர்களைப் பற்றி எழுத ஆக்கள் நிறைய இருக்கினம். நான் எழுத வந்தது அன்றைக்குத் தோற்ற அணியின் தலைவரைப் பற்றி. பெயர் பெரென்ஸ் புஸ்காஸ். அவரை எங்கட புத்தாண்டு மலரில் ஏன் எழுதவேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த ஆட்டம் முடிந்து இரண்டரை வருசத்துக்குள் அவரும் எங்களைப்போல நாட்டுக்குத் திரும்பமுடியாத ஒரு மனிதர் ஆகிவிட்டார். முதலில் பந்து விளையாடியும், பிறகு பயிற்சியாளராகவும் உலகத்தைச் சுற்றினார். பயிற்சியாளராக மட்டும் பத்து நாடுகளில் வேலை பார்த்தார். நான் சரித்திர ஆசிரியன் இல்லை. உயர்தரம் வரை படித்துவிட்டு இப்ப தொழிற்சாலையில் சிப்ற் வேலை செய்கிறவன். சனிக்கிழமைகளில் எங்கட சிறுவர்களுக்குப் பந்து பழக்குகிற ஆள். அந்த அளவில் நின்று எழுதுகிறேன்.

கிஷ்பெஷ்ட் ஒழுங்கைகள்

புஸ்காஸ் 1927 ஏப்ரலில் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். வளர்ந்தது நகரின் ஓரத்தில் கிஷ்பெஷ்ட் என்ற தொழிலாளர் பகுதியில். குடும்பம் ஜேர்மன் வழி வந்தது; முந்திய குடும்பப் பெயர் புர்செல்ட். அவர் சிறுவனாக இருக்கும்போதே தகப்பன் அதைப் புஸ்காஸ் என்று மாற்றினார். தகப்பன் கிஷ்பெஷ்ட் கழகத்தில் விளையாடி, பின்னர் அங்கேயே பயிற்சியாளராக இருந்தவர். பக்கத்து வீட்டில் ஜோசெப் போசிக் என்று ஒரு பெடியன். இரண்டு பேரும் விடிஞ்சால் பொழுதுபட்டால் பந்துதான்.

அந்தக் காலத்தில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கழகத்தில் பதிவுசெய்ய ஏலாது. அதனால் புஸ்காஸ் "மிக்லோஷ் கோவாச்" என்ற வேறொரு பெயரில் பதிந்து விளையாடினார். பெயரும் வயசும் மாறின கதையைக் கேட்டு எங்களில் கனபேருக்குச் சிரிப்பு வரும். 1943 இல், பதினாறு வயதில், பெரிய ஆக்களின் அணியில் இறங்கிவிட்டார். 1945 இல் ஒஸ்திரியாவுக்கு எதிராக நாட்டுக்காக முதல் ஆட்டம், அதிலேயே ஒரு கோல். ஹங்கேரிக்காக மொத்தம் 85 ஆட்டங்கள், 84 கோல்கள். ஆட்டத்துக்கு ஒரு கோல் என்ற கணக்கு. இன்றைக்கு ரெலிவிசனில் பார்க்கிற பெரிய பெரிய வீரர்களிடமும் இந்தக் கணக்கு இல்லை.

யுத்தம் முடிந்து கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 1949 இல் கிஷ்பெஷ்ட் கழகத்தைப் பாதுகாப்பு அமைச்சு எடுத்துக்கொண்டது. ஹொன்வெட் என்று பெயர் மாற்றினார்கள். நாட்டைக் காப்பவன் என்பது அதன் கருத்து. நாட்டில் நல்ல வீரர்களை எல்லாம் கட்டாய இராணுவச் சேவை என்று சொல்லி அந்த ஒரு கழகத்துக்குள் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் இராணுவப் பதவி. புஸ்காஸ் மேஜர் வரை போனார். துவக்கோடு சண்டைக்குப் போகாத மேஜர்! இங்கிலாந்துப் பத்திரிகைகள் அவரை "குதிரையில் பாயும் மேஜர்" என்ற கருத்தில் எழுதின.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த ஆட்சியின் கீழ் சாதாரண சனம் கஷ்டப்பட்டபோது பந்து வீரர்களுக்குச் சலுகை இருந்தது. வெளிநாடு போய்வரும்போது நைலோன் காலுறை, மணிக்கூடு என்று கொண்டுவந்து விற்பார்கள். சுங்கப் பகுதியினர் கண்டும் காணாமல் விடுவார்கள். வெல்லும்வரைக்கும்தான் அந்தச் சலுகை.

உலகம் பார்த்த அணி

பயிற்சியாளர் குஸ்தாவ் செபெஷின் கீழ் ஹங்கேரி 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது. இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவை 2-0 என்று அடித்தார்கள். 1953 நவம்பர் 25 இல் லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று அடித்தார்கள். அதுவரை ஐரோப்பாக் கண்டத்து அணி எதுவும் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றது கிடையாது.

எப்படி வென்றார்கள் என்பதை எங்கட பெடியளும் அறியவேண்டும். அந்தக் காலத்தில் ஒன்பதாம் இலக்கக்காரர் எதிரியின் கோல் வாசலில் நிற்பார், எதிரணியின் நடுப் பின்வீரர் அவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். ஹங்கேரியின் ஒன்பதாம் இலக்கக்காரர் ஹிடெக்குட்டி முன்னுக்கு நிற்காமல் பின்னுக்கு நடுவிலே வந்துவிட்டார். அவரைத் துரத்திப் போனால் பின்னால் வெளி. போகாமல் நின்றால் அவர் சுதந்திரமாகப் பந்தை வாங்கிக் கொடுப்பார். என்ன செய்வதென்று இங்கிலாந்துக்காரருக்குத் தெரியவில்லை. ஹிடெக்குட்டி மூன்று கோல், புஸ்காஸ் இரண்டு. அதில் ஒன்று, இங்கிலாந்துத் தலைவர் பில்லி றைற் பாய்ந்து வர, புஸ்காஸ் இடது காலின் அடியால் பந்தைப் பின்னுக்கு இழுத்து அவரை வெறும் புல்லில் விழுத்திவிட்டு அடித்தது. ஆறு மாதம் கழித்துப் புடாபெஸ்டில் இங்கிலாந்து பழிவாங்க வந்து 7-1 என்று வாங்கிக்கொண்டு போனது.

அடுத்தது 1954 உலகக் கிண்ணம். நடந்த ஊர்களைப் பாருங்கள், எல்லாம் எங்கட ஆக்கள் இருக்கிற ஊர்கள். சூரிச்சில் தென் கொரியாவை 9-0. பாசலில் மேற்கு ஜேர்மனியை 8-3. பேர்ணில் பிரேசிலை 4-2. லவுசானில் உருகுவேயை மேலதிக நேரத்தில் 4-2. ஆனால் பாசல் ஆட்டத்தில் ஜேர்மன் வீரர் ஒருவரின் உதையால் புஸ்காஸின் கணுக்கால் கெட்டுப்போனது. அடுத்த இரண்டு ஆட்டமும் அவர் இல்லை. இறுதியாட்டத்துக்கு முழுதாகக் குணமாகாத காலோடு இறங்கினார்.

ஆறாவது நிமிடத்தில் புஸ்காஸே முதல் கோல் போட்டார். கொஞ்ச நேரத்தில் சிபோர் இரண்டாவது கோல். எட்டு ஒன்பது நிமிடத்தில் 2-0. பிறகு ஜேர்மனி இரண்டையும் திருப்பியது. 84 ஆவது நிமிடத்தில் ரான் என்பவர் மூன்றாவதை அடித்தார். கடைசி நேரம் புஸ்காஸ் பந்தை உள்ளே போட்டார். ஓவ்சைட் என்று மத்தியஸ்தர் மறுத்துவிட்டார். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் வாதாடுகினம். 1950 முதல் நான்கு வருசம் தோற்காமல் வந்த அணி அந்த ஒரு நாளில் தோற்றது.

வெற்றிக்கு மாலை போட்ட சனம் புடாபெஸ்ட் தெருக்களில் ஆத்திரத்தோடு கூடியது. கோல் காப்பாளர் குரோசிக்ஸைப் பின்னர் துரோகக் குற்றச்சாட்டில் விசாரித்தார்கள். ஒரு பந்தாட்டம் தோற்றதற்குப் பிறகு துரோகி என்ற சொல் எவ்வளவு கெதியாக வருகிறது என்று பாருங்கள்.

1956: போனவர்களும் திரும்பியவர்களும்

1956 ஒக்ரோபர் 23 இல் ஹங்கேரியில் கிளர்ச்சி வெடித்தது. நவம்பர் 4 இல் சோவியத் தாங்கிகள் புடாபெஸ்டுக்குள் வந்தன. ஏறத்தாழ இரண்டு லட்சம் சனம் நாட்டைவிட்டு ஓடியது. சுவிஸ் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை எடுத்தது. எங்களுக்கு முன்னமே இந்த நாட்டு வரவேற்பு நிலையங்களில் வரிசையில் நின்றவர்கள் அவர்கள்.

அந்த நேரம் ஹொன்வெட் அணி ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்காக வெளியில் நின்றது. நவம்பர் 22 இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 3-2 என்று தோற்றார்கள். ஊரில் குண்டு விழுகிறது, இரண்டாவது ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் நடத்த வழியில்லை. டிசெம்பர் 20 இல் பிரசெல்ஸில் ஆடி 3-3 என்று முடிந்தது. போட்டியிலிருந்து வெளியே. கோல் காப்பாளர் காயப்பட்டதால் ஒரு கட்டத்தில் சிபோர்தான் கோல் வாசலில் நின்றார். பிறகு அணி பிரேசில் வரை காட்சியாட்டம் ஆடப் போனது. ஹங்கேரிச் சங்கம் அனுமதி கொடுக்கவில்லை, ஃபீஃபாவும் தடை சொன்னது.

சுற்று முடிந்ததும் ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டி வந்தது. கோச்சிஸ், சிபோர், புஸ்காஸ் திரும்பவில்லை. போசிக் திரும்பிப் போனார். ஒரே ஒழுங்கையில் பந்து உருட்டின இரண்டு பேர். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. யார் சரி, யார் பிழை? அகதிகளான நாங்கள் வெளிக்கிட்டவர் பக்கம்தான் பேசுவோம். ஆனால் போசிக்குக்கும் அவருடைய காரணங்கள் இருந்திருக்கும். ஹங்கேரிக்காக நூறு ஆட்டம் கடந்த முதல் வீரர் அவர்தான். ஹொன்வெட்டின் மைதானத்துக்கு 1986 முதல் அவருடைய பெயர். போனவரும் நின்றவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லித்தான் வாழவேண்டும் என்று சட்டமில்லை.

புஸ்காஸின் மனைவியும் சின்ன மகளும் எல்லையை நடந்து கடந்து ஒஸ்திரியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். குடும்பம் சேர்ந்தது, ஆனால் வேலை இல்லை. நீண்ட காலத்துக்கு விளையாடத் தடை. இராணுவ மேஜர் ஆனபடியால் ஊரில் அவர் தப்பியோடிய படையாள். வியன்னாவிலும் இத்தாலியிலும் காத்திருந்தார். உடம்பு பெருத்துவிட்டது. முப்பது வயது தாண்டின, தொந்தி வைத்த ஆட்டக்காரரை இத்தாலிக் கழகங்கள் எடுக்கவில்லை. ஊரில் வாத்தியாராகவோ மனேச்சராகவோ இருந்துவிட்டு இஞ்சை வந்து அனுமதிக் கடதாசிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த ஒன்றரை வருசம் எப்படிப் போயிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

முப்பத்தொரு வயதில் திரும்பத் தொடக்கம்

1958 இல் ரியல் மட்ரிட் கழகம் அவரை எடுத்தது. அங்கே அப்போது வேலை செய்த எமில் ஓஸ்ரைஹர் பழைய ஹொன்வெட் நிர்வாகி. ஊர்க்காரர் ஒருவர் கைகொடுத்தார் என்று சொல்லலாம். அப்போது புஸ்காஸுக்கு 31 வயது. பாஷை தெரியாது. பதினெட்டுக் கிலோ மேலதிகம். கிலோவைக் குறைத்தார், பாஷையைப் பழகினார். ஸ்பெயின்காரர் அவரைப் "பஞ்சோ" என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். நான்கு தடவை ஸ்பெயின் லீக்கில் கூடுதல் கோல் போட்டவர் அவர்தான்.

1960 மே 18 இல் கிளாஸ்கோவில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம். எதிரணி ஜேர்மனியின் பிராங்பேர்ட். 1954 இல் ஜேர்மன் வீரர்கள் மருந்தெடுத்து விளையாடினார்கள் என்று புஸ்காஸ் முன்பு சொல்லியிருந்ததால், அவர் இருக்கிற அணியோடு ஆடக்கூடாது என்று ஜேர்மன் சங்கம் தன் கழகங்களைத் தடுத்திருந்தது. அவர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆட்டம் நடந்தது. கடிதத்தை எழுதிவிட்டு மைதானத்தில் நாலு கோல் போட்டார். டி ஸ்ரெபானோ மூன்று. 7-3.

இன்னொரு செய்தி பேர்ண் வாசகர்களுக்கு. 1961 ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் அதே வாங்க்டோர்ஃபில் நடந்தது. பார்சலோனாவுக்காக ஆடியவர்களில் கோச்சிஸும் சிபோரும் இருந்தார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். ஆனாலும் பென்பிக்காவிடம் தோற்றார்கள், அதுவும் அதே 3-2! வென்ற அணியின் பயிற்சியாளர் பெலா குட்மானும் ஹங்கேரிக்காரர்தான். பிரேசில் சுற்றில் ஹொன்வெட்டோடு போனவர்.

பயிற்சியாளர் புஸ்காஸ்

1966 இல் விளையாடுவதை நிறுத்தினார். பிறகு தொடங்கியது இரண்டாவது ஓட்டம். ஸ்பெயினில் சிறிய கழகங்கள், அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ, கனடாவில் வன்கூவர். எதுவும் பெரிதாகச் சரிவரவில்லை. 1970 இல் ஏதென்ஸ் நகரின் பனத்தினைக்கோஸ் கழகத்துக்கு வந்தார்.

கிரேக்கக் கழகங்களை அப்போது ஐரோப்பாவில் யாரும் கணக்கெடுப்பதில்லை. அந்த அணி 1970-71 பருவத்தில் இங்கிலாந்துச் சம்பியன் எவேர்ட்டனை மறித்தது. லிவர்பூல் நகரில் 1-1, ஏதென்ஸில் 0-0. வெளியூரில் போட்ட அந்த ஒரு கோலால் பனத்தினைக்கோஸ் அரையிறுதிக்குப் போனது. அரையிறுதியில் பெல்கிரேட்டின் செஞ்சட்டை நட்சத்திர அணியிடம் முதல் ஆட்டத்தில் 4-1 என்று தோற்றது. எல்லாரும் கதை முடிந்தது என்றார்கள். ஏதென்ஸில் 3-0 என்று திருப்பியடித்தது. மறுபடியும் வெளியூர்க் கோல்தான் கைகொடுத்தது. முன்வீரர் அந்தோனியாடிஸ் அந்தப் பருவத்தில் பத்துக் கோல்.

1971 யூன் 2, வெம்பிளி. 1953 இல் இங்கிலாந்தை அடித்த அதே மைதானத்துக்குப் புஸ்காஸ் பயிற்சியாளராக வந்தார். எதிரணி அயக்ஸ், அதில் இளம் குரைவ். 2-0 என்று கிரேக்கர் தோற்றார்கள். ஆனால் இன்றுவரை ஐரோப்பாவின் அந்த முதன்மைக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு வேறெந்தக் கிரேக்கக் கழகமும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு சிலி, சவூதி அரேபியா, மறுபடி ஏதென்ஸ், எகிப்தில் அல் மஸ்ரி, பரகுவே. ஒரு இடத்தில் இரண்டு வருசம், இன்னொரு இடத்தில் ஐந்து வருசம். பெரிய கிண்ணங்கள் குறைவு. விளையாட்டு வீரராக இருந்த உயரத்துக்குப் பயிற்சியாளராக அவர் வரவில்லை என்பதுதான் பொதுவான கணிப்பு. கிண்ணத்தை மட்டும் எண்ணினால் அது சரி. ஆனால் கடைசியாக அவர் போன இடத்தைப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது.

1989 இல், அறுபது தாண்டின வயதில், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகருக்குப் போனார். கழகத்தின் பெயர் சவுத் மெல்பேர்ன் ஹெலாஸ். கிரேக்கக் குடியேற்றவாசிகள் 1959 இல் தொடங்கினது. அங்கே அந்தக் காலத்தில் ஒவ்வொரு வந்தேறு சமூகத்துக்கும் ஒரு கழகம். தொழிற்சாலையிலும் கடையிலும் வேலை செய்த தகப்பன்மார் வார முடிவில் சொந்தப் பாஷை பேசுகிற இடம் அதுதான். புஸ்காஸுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் ஏதென்ஸில் பழகின கிரேக்கம் இருந்தது. அணித்தலைவர் ஒரு கிரேக்கப் பெடியன், ஐந்து வயதில் பெற்றோரோடு கப்பலில் வந்தவர். பயிற்சியாளர் கிரேக்கத்தில் சொல்ல அவர் மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லுவார். பயிற்சியாளரைக் காரில் ஏற்றி இறக்குவதும் அவர்தான்.

கோல் வாங்குவதற்குப் பயப்படாதே, அதைவிட ஒன்று கூடப் போடு என்பதுதான் புஸ்காஸின் பாடம். 1991 இல் ஹெலாஸ், குரோசியச் சமூகத்தின் மெல்பேர்ன் குரோசியா அணியைப் பெனால்ரியில் வென்று அவுஸ்திரேலியச் சம்பியன் ஆனது.

அந்த அணித்தலைவரின் பெயர் அஞ்சே பொஸ்ரகொக்லு. பிறகு அவரும் பயிற்சியாளர் ஆனார். 2015 இல் அவுஸ்திரேலியாவுக்கு ஆசியக் கிண்ணம். 2025 இல் இங்கிலாந்தின் ரொட்டன்ஹாம் கழகத்துக்கு ஐரோப்பா லீக் கிண்ணம். தாக்கி ஆடும் முறையைப் புஸ்காஸிடம் கற்றேன் என்று அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கிஷ்பெஷ்ட் ஒழுங்கையில் தொடங்கினது மெல்பேர்னில் ஒரு அகதிப் பயிற்சியாளர் கையால் ஒரு வந்தேறு பெடியனிடம் போய், அங்கிருந்து லண்டன் வரை வந்துவிட்டது. இதை எந்தக் கிண்ணக் கணக்கிலும் போட ஏலாது.

திரும்பிப் போதல்

புஸ்காஸ் முதல் தடவை ஹங்கேரி மண்ணை மறுபடி மிதித்தது 1981 இல். இருபத்தைந்து வருசம். அதற்கு மூன்று வருசம் முந்தி, 1978 இல், போசிக் இறந்துவிட்டார். அயல்வீட்டு நண்பனின் செத்தவீட்டுக்குப் போகமுடியவில்லை. ரெலிபோனில் செத்தவீட்டுச் செய்தி கேட்டு அடுத்த நாள் வேலைக்குப் போனவர்கள் எங்களிலே எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

ஆட்சி மாறின பிறகு, தொண்ணூறுகளில் நிரந்தரமாக ஊருக்குப் போனார். 1993 இல் நாட்டு அணிக்கு நாலு ஆட்டங்கள் பயிற்சியாளராக நின்றார். 2000 இல் ஞாபகமறதி நோய் கண்டது. 2002 இல் நாட்டின் பெரிய மைதானத்துக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை வைத்தார்கள். 2006 நவம்பர் 17 இல் இறந்தார். தப்பியோடிய படையாள் என்று சொன்ன நாடு, அரச மரியாதையோடு புடாபெஸ்டின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தது. வருசத்தின் அழகான கோலுக்கு ஃபீஃபா 2009 முதல் கொடுக்கிற பரிசும் அவர் பெயரில்தான்.

எங்கட பெடியள் கோடையில் சுற்றுப்போட்டிகளில் ஆடும்போது, தோற்றால் தாய் தகப்பன்மார் சிலர் கரையில் நின்று பயிற்சியாளரைப் பேசுவினம், மற்ற ஊர்க் கழகத்தைத் திட்டுவினம். அவர்களுக்கு நான் பணிவாகச் சொல்லுவது: பிள்ளைக்குப் பந்தைக் கற்றுக்கொடுக்கிறவர் எத்தனை கிண்ணம் கொண்டுவந்தார் என்று மட்டும் பார்க்காதேங்கோ. அவரிடம் பழகின பிள்ளை இருபது வருசம் கழித்து இன்னொரு பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுக்கும் என்பதையும் பாருங்கோ. எங்கட சங்கத்துக்கு இந்த வருசமும் பயிற்சி கொடுக்க ஆக்கள் தேவை. சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கக்கூடியவர்கள் முன்வாருங்கள்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.